அம்பு ஒரே மாதிரி பறக்கவில்லையா? இலக்கு வில்வித்தையில் கோளாறு கண்டுபிடிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே சொல்லப்படும் இடம், வலம் எல்லாம் வலது கையால் நாண் இழுப்பவர்களுக்கு. இடது கைக்காரர்கள் அப்படியே மாற்றிக்கொள்ளவும். பெரும்பாலான பதில்கள் ரிகர்வ் (நுனி முன்னோக்கி வளைந்த) வில்லுக்கானவை. காம்பவுண்டுக்கு (நுனியில் சக்கரங்கள் உள்ள வில்லுக்கு) தனிக் கேள்வி இருக்கிறது.

ஒரு அம்பு இலக்குத் தாளின் நடு மஞ்சளில், அடுத்தது வெளியே நீலத்தில். எதிலிருந்து ஆரம்பிப்பது?

வில்லில் கை வைக்காமல் ஆரம்பிக்க வேண்டும். அம்பு சிதறினால் பலரும் முதலில் பிளஞ்சரைத்தான் (அம்பைப் பக்கவாட்டில் தாங்கும் ஸ்பிரிங் பொத்தானை) திருகுகிறார்கள். காரணம் வேறெங்கோ இருக்கும்போது பிளஞ்சரைத் திருகினால் கோளாறு மறைந்துகொள்ளும், தீராது.

அம்புகளுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். உங்களுக்குப் பழக்கமான தூரத்தில், 18 அல்லது 30 மீட்டரில், அதே ஆறு அம்புகளை ஐந்தாறு சுற்று விடுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் எந்த எண் எங்கே பட்டது என்று ஒரு தாளில் வட்டம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கிடைக்கும் படம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒரே எண் திரும்பத் திரும்ப ஒரே பக்கம் விலகினால் கோளாறு அந்த அம்பில். எல்லா அம்பும் ஒரே மாதிரி வாலை ஆட்டிக்கொண்டு போய், ஆனாலும் ஓரளவு சேர்ந்தே பட்டால் வில்லின் அமைப்பில். எண்ணுக்கும் விலகலுக்கும் சம்பந்தமே இல்லாமல் சிதறினால், விடும் விதத்திலோ, வில்லில் ஏதோ ஒன்று தளர்ந்திருப்பதிலோ. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

4-ஆம் எண் அம்பு மட்டும் எப்போதும் வெளியே போகிறது. அதில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் நாக், அதாவது அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவுள்ள துண்டு. நகத்தால் அதன் இரு காதுகளையும் மெதுவாக விரித்துப் பாருங்கள். அடியில் மயிரிழை போல வெள்ளைக் கோடு தெரிந்தால் விரிசல். அந்த நாக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். இழுப்பிலோ விடும்போதோ நாக் உடைந்தால், அம்பில்லாமல் நாணை விட்டதற்குச் சமம், லிம்ப் (வில்லின் வளையும் கை) போய்விடும். தண்டின் வாலில் உள்ள சிறு பின் (pin) மேல் மாட்டும் நாக் என்றால் அதைக் கழற்றி, அந்தப் பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொரு அம்பு பின்னால் இடித்திருந்தால் நாக் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், உள்ளே பின் மட்டும் வளைந்திருக்கும்.

அடுத்து சுழற்றிப் பார்ப்பது. முனையை உள்ளங்கையில் ஊன்றிச் சுழற்றினாலோ, இரண்டு உருளை உள்ள ஸ்பின்னரில் வைத்துச் சுழற்றினாலோ கோளாறு கண்ணுக்கும் கைக்கும் எட்டும். முனை குலுங்கினால் பாயிண்ட் (முனைத் துண்டு) கோணலாக ஒட்டியிருக்கிறது. வால் குலுங்கினால் நாக் அல்லது பின். நடுவில் குலுங்கினால் தண்டு வளைந்திருக்கிறது. அலுமினியத்தில் இது சகஜம்.

பாயிண்ட் தளர்ந்திருப்பதை எளிதில் கோட்டைவிட்டுவிடுவோம். முனையைப் பிடித்து இலேசாக முறுக்கிப் பாருங்கள், அசையக் கூடாது. ஹாட்மெல்ட் பசையில் ஒட்டியது என்றால் பாயிண்டை மட்டும் சூடாக்கி மறுபடி ஒட்டலாம். கார்பன் தண்டை நேரடியாகத் தீயில் காட்டக் கூடாது. அதிலுள்ள ரெசின் சூட்டில் பலமிழக்கும். கொதிநீரில் முனைப் பக்கத்தை நனைப்பது பாதுகாப்பான வழி.

வேன்களையும் (அம்பின் வாலில் ஒட்டிய இறகுகளையும்) விட்டுவிடாதீர்கள். சுருள் வேன் போட்டிருந்தால் மூன்றில் ஒன்றின் சுருள் நசுங்கினாலே அம்பின் சுழற்சி மாறும். விளிம்பு கிழிந்தது, அடியில் பசை விட்டது, ஒன்றுக்கு மட்டும் கோணம் மாறி ஒட்டியது என எதுவானாலும் மூன்றையும் பிரித்துப் புதிதாக ஒட்டுவதே மேல்.

இவ்வளவும் சரியாக இருந்தால் எடை. கிரெயின் (சிறு எடை அலகு) காட்டும் தராசில் ஒரு செட் முழுதும் 1 முதல் 2 கிரெயினுக்குள் இருக்கட்டும். 300 கிரெயின் அம்பில் 5 கிரெயின் கூடினால், 70 மீட்டரில் ஏறத்தாழ 8 செ.மீ. கீழே இறங்கும். கடைசியாக, நாக்கை அடுத்த வேன் நிலைக்கு, அதாவது 120 பாகை திருப்பி விட்டுப் பாருங்கள். தண்டின் விறைப்பு எல்லாப் பக்கமும் துல்லியமாக ஒன்றாக இருப்பதில்லை. சில அம்புகள் இப்படித் திருப்பியதுமே கூட்டத்தோடு சேர்ந்துவிடும். அப்படியும் சேராத அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள்.

கார்பன் அம்பு இலக்குப் பலகையின் மரச் சட்டத்தில் பட்டுவிட்டது. பார்வைக்கு நன்றாக இருக்கிறது. விடலாமா?

சோதிக்காமல் விடவே கூடாது. இரு முனையையும் பிடித்து உடம்பைவிட்டுத் தள்ளி வைத்து, சற்றே வளைத்துக் காதுகொடுங்கள். பிறகு கொஞ்சம் திருப்பி அடுத்த பக்கம் வளையுங்கள். இப்படி முழுச் சுற்றும் பாருங்கள். பிறகு இரு பக்கமும் முறுக்குங்கள். நெறுநெறு என்ற சத்தமோ, விரலுக்குத் தட்டும் நாரோ, ஓரிடத்தில் திடீர் நெகிழ்வோ இருந்தால் அந்த அம்பை உடைத்துக் குப்பையில் போடுங்கள். அடுத்தவர் எடுத்து விட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் உடைக்கச் சொல்வது. விரிசல் விட்ட கார்பன் நாண் தள்ளும் வேகத்தில் நொறுங்கினால் வில் பிடித்த கைக்குள் பாயும்.

நாக் நாணில் எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்?

தன் எடையைத் தானே தாங்கும் அளவுக்கு மட்டும். வில்லைத் தரைக்கு இணையாக, நாண் மேலே இருக்கும்படி பிடித்து, நாக்கை மாட்டி அம்பைக் கீழ்நோக்கித் தொங்க விடுங்கள். நாக்கிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி நாணை விரலால் சுருக்கென்று ஒரு தட்டு. அம்பு விழ வேண்டும். மூன்று தட்டுக்கும் விழாவிட்டால் இறுக்கம் அதிகம். தட்டுவதற்கு முன்பே விழுந்தால் தளர்வு.

இறுக்கமான நாக் சில அம்புகளில் சற்று முன்னும் சிலவற்றில் சற்றுப் பின்னும் நாணை விட்டுப் பிரியும். மேலும் கீழுமாகச் சிதறுவதற்கு இதைவிட மலிவான காரணம் கிடையாது. சரிசெய்ய நடுச் சர்விங்கை (நாணின் நடுவில் சுற்றிய காப்பு நூலை) சற்று மெல்லிய அல்லது தடித்த நூலால் மறுபடி சுற்றினால் போதும். சர்விங் நூல் நாளாக ஆகத் தட்டையாகி மெலியும், ஆகவே ஒருமுறை சரியாக இருந்தது என்றென்றைக்கும் சரியாக இருக்காது.

அம்பு மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டு போகிறது. ஏன்?

நாக்கிங் பாயிண்டின் (நாணில் நாக் மாட்டும் இடத்தைக் காட்டும் முடிச்சின்) உயரம்தான் முதல் சந்தேகம். ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் கம்பி) மட்டத்தில் நாணுக்குச் செங்குத்தாக வரும் கோட்டிலிருந்து ஏறத்தாழ 6 மி.மீ. மேலே வைத்துத் தொடங்கலாம். பிறகு பேர் ஷாஃப்ட் எனப்படும் வேன் ஒட்டாத அம்பால் சோதிக்க வேண்டும். 18 அல்லது 20 மீட்டரில் வேன் உள்ள மூன்று அம்பும், வேன் இல்லாத இரண்டும் விடுங்கள். வேன்களின் எடைக்கு ஈடாக அந்த இடத்தில் கொஞ்சம் மின்டேப் சுற்றினால் கணக்கு நேர்மையாக இருக்கும்.

பேர் ஷாஃப்ட் மற்றவற்றுக்கு மேலே பட்டால் நாக்கிங் பாயிண்ட் தாழ்வு, அதை மேலே ஏற்றுங்கள். கீழே பட்டால் உயரம், கீழே இறக்குங்கள். ஒரு நேரத்தில் 1 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நூல் முடிச்சு போட்டிருந்தால் சர்விங்கின் சுற்றில் திருகியே நகர்த்தலாம். பித்தளை வளையத்தைவிட முடிச்சு நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

மேலும் கீழும் இரண்டு முடிச்சு இருந்தால் இடையில் நாக்குக்கு மூச்சுவிட இடம் வேண்டும். முழு இழுப்பில் நாண் மடங்கும்போது முடிச்சுகள் நாக்கை நெருக்கும். வெறும் நாணில் இறுக்கிப் பிடித்தாற்போல் இருந்தால் இழுப்பில் அம்பு ரெஸ்டைவிட்டு எழும்பும். நாக்குக்கும் மேல் முடிச்சுக்கும் இடையே அரை மி.மீ. அளவு இடைவெளி போதும்.

வால் இடமும் வலமுமாக ஆடுகிறது. ஸ்பைன் (தண்டின் விறைப்பு) தவறா?

பெரும்பாலும் ஆம், ஆனால் உடனே புது அம்பு வாங்க வேண்டியதில்லை. விரலால் விடும்போது நாண் விரல்களைச் சுற்றிக்கொண்டு நழுவுவதால் சற்றே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டுத்தான் முன்னே போகிறது. அதனால் அம்பு வளைந்து, நிமிர்ந்து, எதிர்ப்பக்கம் வளைந்து ரைசரை (வில்லின் நடுப்பகுதியை) கடக்கும். அந்த வளைவின் வேகம் வில்லின் வேகத்தோடு பொருந்தினால் வால் எதிலும் உரசாமல் போகும்.

அம்பில் 500, 600 என்று அச்சிட்டிருப்பது நிலையான ஸ்பைன்: 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகளில் வைத்து நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் எத்தனை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தொய்கிறது என்பது. 500 என்றால் அரை அங்குலம். எண் பெரிதானால் அம்பு நெகிழ்வு. ஆனால் பறக்கும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அம்பின் நீளம், முனை எடை, இழுப்பு எடை, நாண் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

பேர் ஷாஃப்ட் கூட்டத்துக்கு இடப்பக்கம் பட்டால் அம்பு ஸ்டிஃப் (விறைப்பு அதிகம்), வலப்பக்கம் பட்டால் வீக் (நெகிழ்வு அதிகம்). ஸ்டிஃப் என்றால் லிம்ப் போல்ட்டை உள்ளே திருகி இழுப்பு எடையைச் சிறிது கூட்டலாம், முனையை 10 கிரெயின் கனமாக்கலாம், பிளஞ்சரைத் தளர்த்தலாம். வீக் என்றால் இவற்றின் தலைகீழ். அம்பை வெட்டினாலும் ஸ்டிஃப் ஆகும். ஆனால் வெட்டியதை ஒட்ட முடியாது, எனவே அது கடைசி. வெட்டினால் ஒரு முறைக்கு கால் அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். கிளிக்கரின் (முழு இழுப்பைத் தட்டி அறிவிக்கும் தகட்டின்) நிலையும் நகரும் என்பதை மறக்க வேண்டாம்.

18 மீட்டரில் பேர் ஷாஃப்ட் கூட்டத்திலிருந்து ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் இருந்தால் நிறுத்திக்கொள்ளலாம். துல்லியமாக ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும் என்று மாதக்கணக்கில் திருகுவதால் புள்ளி ஏறுவதில்லை.

ஸ்பைன் அட்டவணைப்படி என் அம்பு நெகிழ்வானது. பேர் ஷாஃப்டோ ஸ்டிஃப் என்கிறது. எதை நம்புவது?

இரண்டையும் நம்பாமல் உரசலைத் தேடுங்கள். மிகவும் வீக்கான அம்பு வளைந்து கடக்கும்போது அதன் வால் ரைசரிலோ பிளஞ்சரிலோ இடிக்கும். அந்த இடியால் அம்பு இடப்பக்கம் போகும். இப்படியாக வீக்கான அம்பு ஸ்டிஃப்பாக வேஷம் போடும். அதை நம்பி முனை எடையைக் கூட்டினால் இன்னும் வீக் ஆகி இன்னும் இடிக்கும்.

பாதத்துக்குப் போடும் பவுடர் ஸ்ப்ரேயை வேன்களிலும் அம்பின் பின் அரையிலும், ரெஸ்ட், பிளஞ்சர், ரைசர் ஜன்னலிலும் (அம்பு கடந்து போகும் வெட்டிலும்) மெல்லியதாக அடித்து ஒரு அம்பு விடுங்கள். பவுடர் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே உரசல். எந்த வேன் என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் வேன் விளிம்புகளில் லிப்ஸ்டிக் தடவி விட்டு, வில்லில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

வழக்கமான குற்றவாளி ரெஸ்ட் கம்பி. அம்பை வைத்து மேலிருந்து பார்த்தால் கம்பியின் நுனி தண்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டினால் வெட்டி, முனையை அரத்தால் மழுக்குங்கள். கம்பி மடிந்து திரும்பும் வகை என்றால் விரலால் தட்டிப் பாருங்கள். தயங்காமல் மடிந்து உடனே திரும்ப வேண்டும். உரசும் வேன் ஒன்றே என்றால் நாக்கைச் சில பாகை திருப்பினாலே விலகிவிடும். திருப்பினால் எல்லா அம்பிலும் அதே அளவு திருப்புங்கள்.

பிளஞ்சரை எப்போது, எவ்வளவு திருகுவது?

நாக் பொருத்தம், நாக்கிங் பாயிண்ட், உரசல் எல்லாம் தீர்ந்த பிறகு. முதலில் அதன் நிலை: லிம்ப்களின் நடுவில் நாணைப் பொருத்திப் பின்னாலிருந்து பார்த்தால், அம்பின் முனை நாணுக்கு இடப்பக்கம் சற்றே எட்டிப் பார்க்க வேண்டும். பிளஞ்சரின் நடு, தண்டின் நடுவைத் தொட வேண்டும். ரெஸ்ட் ஒட்டும்போது உயரம் மாறிவிட்டால் இது தவறும்.

நிலை சரியா என்று தெரிய நாணோடு ஒரு தூக்கு நூலைக் கற்பனை செய்துகொள்வதைவிட நல்ல வழி உண்டு. இலக்குப் பலகையின் மேல் பகுதியில் ஒரு புள்ளியும் அதிலிருந்து நேர் கீழே ஒரு நூலும் தொங்க விடுங்கள். சைட்டை (குறிபார்க்கும் கருவியை) 10 மீட்டர் நிலையிலிருந்து மாற்றாமல், 10, 15, 20, 25, 30 மீட்டரிலிருந்து அதே புள்ளியைக் குறிவைத்து ஒவ்வொரு அம்பு விடுங்கள். அம்புகள் நூலோடு இறங்கினால் நல்லது. தூரம் கூடக்கூட நேர்கோடாக இடப்பக்கம் விலகினால் பிளஞ்சர் அதிகமாக வெளியே இருக்கிறது, உள்ளே இழுங்கள். வலப்பக்கம் விலகினால் வெளியே. கோடு நேராக இல்லாமல் வில் போல வளைந்தால் பிளஞ்சர் ஸ்பிரிங்கின் அழுத்தத்தை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு சுற்றிலிருந்து கால் சுற்று வரை, பிறகு மறுபடி சோதனை. இது நடைமேடை போல் சமதளமான, பின்னால் தடுப்புள்ள இடத்தில் மட்டும் செய்ய வேண்டியது. 30 மீட்டரில் அம்பு நன்றாகவே தாழும்.

பிளஞ்சரே பழுதாவதும் உண்டு. முனையில் அம்பு பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும், உள்ளே மண் புகுந்து ஸ்பிரிங் சிக்கும், பூட்டுத் திருகு தளரும். ஒரு மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து உலர்வாக மாட்டுங்கள். எண்ணெய் போட்டால் தூசி ஒட்டும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று எதுவும் சேரவில்லை. எதையும் தொடவில்லையே?

நீங்கள் தொடாவிட்டாலும் நாண் நீளும். பிரேஸ் ஹைட்டை (பிடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரத்தை) அளந்து பாருங்கள். 68 அங்குல ரிகர்வுக்கு 8½ முதல் 9 அங்குலம் வரை இருப்பது வழக்கம். உங்கள் வில்லுக்கு எந்த அளவில் சத்தம் குறைவாகவும் அதிர்வு குறைவாகவும் இருந்ததோ அதுவே உங்கள் அளவு. நாணுக்கு முறுக்குக் கூட்டினால் உயரும். புது நாண் பழகும்வரை தினமும் அளக்க வேண்டும். முறுக்கை மாற்றினால் நாக்கிங் பாயிண்டும் கொஞ்சம் நகரும், அதையும் அளக்கவும்.

நாண் சரி என்றால் ஸ்டெபிலைசர் (வில்லை ஆடாமல் வைக்கும் தண்டு), சைட் பிளாக், பிளஞ்சர் பூட்டு, லிம்ப் போல்ட் பூட்டு ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். பசையில் ஒட்டிய ரெஸ்ட் வெயிலில் இளகி நழுவியிருக்கலாம்.

18 மீட்டரில் நெருக்கமாக விழுகிறது, 70 மீட்டரில் சிதறுகிறது. அது சாதாரணமா?

எவ்வளவு சிதறுகிறது என்பதைப் பொறுத்தது. 18 மீட்டரில் 10 செ.மீ. கூட்டம் என்றால் கோணக் கணக்கில் 70 மீட்டரில் ஏறத்தாழ 39 செ.மீ. ஆகும். அதுவரை கோளாறு எதுவும் இல்லை. அதைவிடப் பெரிதானால் காற்று, வேன் சேதம், உரசல், வேக வேறுபாடு என்று பார்க்க வேண்டும்.

மேல் கீழ் சிதறல் மட்டும் பெரிதானால் வேகத்தைச் சந்தேகியுங்கள். வினாடிக்கு 61 மீட்டரில் கிளம்பும் அம்பின் வேகம் ஒரு சதவீதம் குறைந்தால் 70 மீட்டரில் 13 செ.மீ. தாழும். 122 செ.மீ. தாளின் பத்தாவது வளையம் மொத்தமே 12.2 செ.மீ. 40 பவுண்டு வில்லில் கிளிக்கர் தட்டிய பிறகு 3 மி.மீ. முன்னுக்கு நழுவவிட்டு விடுவதே பல செ.மீ. வித்தியாசம் தரும்.

வில்லா, நானா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பின்னாலிருந்து, முக்காலியில் வைத்த கைப்பேசியில் மெதுவான காணொளி எடுங்கள், வினாடிக்கு 240 படம் போதும். பத்து அம்பும் ஒரே மாதிரி வாலாட்டினால் வில். சில நேராகவும் சில கோணலாகவும் போனால் நீங்கள். கையைப் பார்த்தால் காரணமும் தெரியும்: நாண் விட்ட கை கன்னத்தைவிட்டு வெளியே பறக்கிறதா, பிடிகை விரல்கள் ரைசரை இறுக்கி முறுக்குகின்றனவா. பிடிகை முறுக்கம் இட வலச் சிதறல் தரும், நாண் விரல்களின் அழுத்தம் மாறுவது மேல் கீழ்ச் சிதறல். அலுத்துப்போன தோளோடு வில்லைச் சீரமைக்க உட்காராதீர்கள். அந்த அளவுகள் மறுநாள் உதவாது.

காம்பவுண்டில் என்ன வேறுபாடு?

ரிலீஸ் கருவியால் விடுவதால் பக்கவாட்டு வளைவு குறைவு. எனவே ஸ்பைனைவிட கேம்களும் (லிம்ப் நுனிச் சக்கரங்களும்) ரெஸ்டும் முக்கியம். முழு இழுப்பில் இரண்டு கேம்களின் நிறுத்தியும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். ஒன்று முந்தினால் நாக் மேலோ கீழோ தள்ளப்படும். கேபிளைத் திருத்துவது வில் பிரெஸ்ஸில் மட்டும்.

பிளேடு ரெஸ்டில் பிளேடின் நுனி வளைந்திருக்கிறதா, கீழ் வேன்கள் இரண்டும் அதன் இரு பக்கமும் இடிக்காமல் போகின்றனவா என்று பவுடர் சோதனை செய்யுங்கள். விழும் ரெஸ்ட் என்றால் கயிறு நீண்டு தாமதமாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு மீட்டரில் தாளைக் கட்டி அதன் வழியே விட்டால் முனைத் துளையும் வேன் கிழிசலும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கிழிசல் பக்கவாட்டில் நீண்டால் ரெஸ்டை அரை மி.மீ. நகர்த்திப் பாருங்கள், குறைந்தால் அதே திசை, கூடினால் மறு திசை. தாளில் ஒவ்வொரு முறையும் கிழிசல் வேறு பக்கம் காட்டினால் ரெஸ்டை விட்டுவிட்டுப் பிடிகையைச் சரிசெய்யுங்கள்.

போட்டி நாளன்று இது நடந்தால்?

அளவுகள் எழுதிய துண்டுச் சீட்டு வில் பெட்டியில் இருக்க வேண்டும்: பிரேஸ் ஹைட், மேல் கீழ் டில்லர் (லிம்ப் அடிக்கும் நாணுக்கும் இடையிலான தூரம்), நாக்கிங் பாயிண்ட் உயரம், பிளஞ்சர் சுற்று எண்ணிக்கை, சைட் எண்கள். பயிற்சிச் சுற்றில் சிதறினால் அந்தச் சீட்டோடு ஒப்பிட்டு மாறியதை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று புதிதாக எதையும் சீரமைக்க வேண்டாம். எல்லாம் சீட்டில் உள்ளபடியே இருந்தால் விலகும் எண்ணின் அம்பை எடுத்துவிட்டு மாற்று அம்பு போடுங்கள். ஒரு சுற்றில் விடும் அம்புகள் எல்லாம் வேன், நாக் நிறம் உட்பட ஒரே மாதிரி இருக்க வேண்டும், தண்டில் உங்கள் பெயரோ முதலெழுத்தோ இருக்க வேண்டும் என்பது உலக வில்வித்தை விதி; ஆகவே மாற்று அம்புகளையும் அதே வண்ணத்தில், அதே பெயரோடு, அதே சோதனைகளை முடித்து வைத்திருங்கள். ஏற்கெனவே கோர்த்து இறுக்கம் பார்த்த, நாக்கிங் பாயிண்ட் கட்டிய, 100 அம்பாவது விட்டுப் பழகிய இரண்டாவது நாண் ஒன்றும் பெட்டியில் இருக்கட்டும்.